டோக்கன் நாற்பத்தேழு

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே
தகரம் போட்ட பாதி, போடாத பாதி
எங்கள் டூவீலர் ஸ்டாண்ட்.
போடாத பாதிக்கு மூன்று புங்கமரங்கள்தான் கூரை.

பங்குனி முற்றினால் அந்தக் கூரை ஒழுகும்.
பூ.

பொரி மாதிரிக் கொட்டுது என்பார்கள்
ரயிலுக்கு நேரம் இருக்கிறவர்கள்.
பெருக்குகிறவளைக் கேட்க வேண்டும்.
பொரி என்றால் அள்ளித் தின்றுவிடலாமே.
இது விளக்குமாற்றில் ஒட்டும்,
சைலன்ஸரில் கருகும்,
ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்காதவன்
தலையோடு வீட்டுக்குப் போகும்.
எங்கய்யா போய்ட்டு வர்றே என்று
அங்கே ஒருத்தி கேட்பாள்.

இந்த வருசம் இலையே தெரியவில்லை.
கிளை முழுக்க வெளிறிய ஊதா,
அதற்குள் விடிந்ததிலிருந்து தேனீக்களின்
ஒரே இரைச்சல்.
டிரான்ஸ்பார்மர்தான் கோளாறு என்று நினைத்து
லைன்மேன் சென்றாயனைக் கூப்பிட்டுவிட்டேன்.
அவர் அண்ணாந்து பார்த்தார்,
டீ குடித்தார், போனார்.

இரவு வண்டி வருவதற்குள்
ஒவ்வொரு சீட்டையும் துணியால் தட்டிவிடுவேன்.
ஓனர் சொன்னதில்லை.
சம்பளத்தில் அதற்குக் காசும் இல்லை.
பூ மேல் உட்காரலாமா என்று
ஒரு கணம் தயங்கி நிற்பார்கள் சிலர்,
பின்னால் வரிசை சேர்ந்துவிடும், அதற்காக.

நாற்பத்தேழு
ஒரு பழைய ஸ்ப்ளெண்டர்.
வைசரில் சிவப்பு ஸ்டிக்கர், தர்ஷினி,
கடைசி எழுத்து உரிந்து தர்ஷி.
செவ்வாய்க்கிழமை விடியலில் விட்டுப் போனவர்
அன்று இரவு வரவில்லை.
மறுநாள் தட்டினேன். அதற்கு மறுநாளும்.
நான்காம் நாள்
துணியை அவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டுத்
திரும்பி வந்தேன்.

பூ ஏறியது.
அடியில் பழுப்பு, நடுவில் சாம்பல்,
மேலே அன்றைக்கு விழுந்தது.
சீட்டில் இருந்த பள்ளம்,
ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம்,
நிரவிப் போனது.
மீட்டர் மறைந்தது, தர்ஷியும் மறைந்தாள்.
பெட்ரோல் டாங்க் மட்டும்
வாங்கமாட்டேன் வாங்கமாட்டேன் என்று
வழுக்கிவிட்டுக்கொண்டே இருந்தது.

நாளுக்குப் பதினைந்து ரூபாய்.
நோட்டில் கோடு போட்டு வந்தேன்.
போலீசில் சொல்லிவிடலாம் என்றார் ஓனர்.
பூ முடியட்டுமே என்றேன்.
பூவுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று
அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் வந்தார்.
மொட்டைத் தலை.
திருப்பதியா என்று கேட்கும்படியான முகம் இல்லை.
அக்குளில் ஸ்கேன் படம் வைக்கிற பெரிய கவர்.
கையில் வியர்வை குடித்த டோக்கன்,
எண்ணில் ஏழு மட்டும் மிச்சம்.

"எவ்வளவு ஆச்சுங்க?"
இருநூத்தி எண்பத்தஞ்சு.
முந்நூறு கொடுத்தார்.
சில்லறை தேடுவதற்குள் வண்டியிடம் போய்விட்டார்.

துணியோடு ஓடினேன்.
வேண்டாம் என்று கை காட்டினார்.
அவரும் தட்டவில்லை.
வைசரை மட்டும் கட்டைவிரலால் ஒரு தேய்,
எழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல.
கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
அப்படியே பூ மேல் உட்கார்ந்தார்.

உதைத்தார்.
உதைத்தார்.
ஒன்பதாவது உதையில் வண்டி இருமி,
நடுங்கி,
தன் மேல் கிடந்ததையெல்லாம்
தானே உதறிக்கொண்டது.
கம்பைநல்லூர் ரோட்டில் திரும்புகிற வரை
பின்னால் கொஞ்சம் பறந்தது.

நின்ற இடத்தில் ஒரு குவியல்.
அடியில் இருந்தது மேலே,
மேலே இருந்தது அடியில்.
எது எந்த நாள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பெருக்கலாம் என்று குனிந்தேன்.
சாயங்கால வண்டிக்கு ஓடி வந்த பையன் ஒருவன்
அதன் மேலேயே பல்சரை ஏற்றி நிறுத்தினான்.
வேறு இடத்தில் விடு என்று சொல்ல
ஒரு காரணமும் அகப்படவில்லை.
டோக்கன் கிழித்துக் கொடுத்தேன்.

மொட்டைத்தலைக்காரருக்குத் தர வேண்டிய பதினைந்து ரூபாய்
டிராயரில் தனியாகக் கிடக்கிறது.

திரும்பிப் பார்த்தால்
பல்சர் சீட்டில் அதற்குள்
நாலு.